கீசர் பிளக் ஏன் கருகுகிறது?

வணக்கம் நேயர்களே. குளியலறைக் கீசரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். பல வீடுகளில் 230 வோல்ட், 2000 வாட் என்று இருக்கும். அந்த இரண்டு எண் கையில் இருந்தால் போதும், மற்றதைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம்.

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம், 8.7 ஆம்பியர். ஆகவே சின்ன 6 ஆம்பியர் சாக்கெட் இதற்கு ஆகாது, பெரிய 16 ஆம்பியர் பாயிண்ட்தான் வேண்டும். அடுத்து, 230ஐ 8.7ஆல் வகுங்கள். மின்தடை சுமார் 26 ஓம்.

இதை மல்டிமீட்டரில் சரிபார்க்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, கீசர் காயிலின் இரு முனைகளிலும் ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். 26 பக்கம் காட்டினால் காயில் அறுபடவில்லை. எதுவுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. பிளக் முள்ளில் வைத்துப் பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள்: தண்ணீர் சூடாக இருந்தால் தெர்மோஸ்டாட் இணைப்பைத் துண்டித்திருக்கும், நல்ல காயிலும் அறுந்ததுபோலத் தெரியும். குண்டு பல்பை இப்படிச் சோதித்தாலும் குழப்பம்தான். அதன் இழை குளிர்ந்திருக்கும்போது தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. கீசர் காயிலில் அந்த வித்தியாசம் மிகக் குறைவு.

மின்னோட்டத்தை அளக்க, வயரை வெளியிலிருந்தே கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் நல்லது. ஆனால் முழு வயரையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம் காட்டும். போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரே ஒரு கம்பியைத்தான் கவ்வ வேண்டும்.

சரி, சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு இறங்கிவிட்டது. தடை அதே 26 ஓம்தான். மின்னோட்டம் 7.2 ஆம்பியராகக் குறைகிறது. 190ஐ 7.2ஆல் பெருக்கினால் கிடைப்பது 1370 வாட் அளவுதான். வோல்டேஜ் ஆறில் ஒரு பங்கு குறைந்ததற்குத் திறன் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 18 நிமிடம் பிடித்தது, இப்போது 27 நிமிடம் பிடிக்கும். அதற்காக மின்கட்டணம் ஏறிவிடாது, இரண்டிலும் ஏறக்குறைய 0.6 யூனிட்தான். மோட்டாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சுமையோடு ஓடும் மோட்டார், வோல்டேஜ் குறைந்தால் பெரும்பாலும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும்.

இப்போது பிளக்குக்கு வருவோம். முள் தளர்ந்து, தொடும் இடத்தில் வெறும் அரை ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 8.7 ஆம்பியர் அதன் வழியே போகும்போது 4 வோல்ட்டுக்குச் சற்று மேல் அங்கேயே இறங்கும். கீசருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, தண்ணீர் வழக்கம்போல் சுடும். ஆனால் அந்த 4 சொச்சம் வோல்ட்டை 8.7ஆல் பெருக்கிப் பாருங்கள், 38 வாட்! ஈயத்தை உருக்கும் சாதாரண சால்டரிங் அயனே 25 வாட்தான். அதைவிடக் கூடுதலான சூடு பிளாஸ்டிக்குக்குள், ஒரு பொட்டு இடத்தில். சூட்டில் பித்தளை கறுக்கும், கறுத்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடு. மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் சுவிட்சான எம்.சி.பி.யும் விழாது, ஏனென்றால் மின்னோட்டம் கூடவே இல்லையே.

கருகிய பிளக்கை மட்டும் மாற்றுகிறவர்கள்தான் அதிகம். சாக்கெட்டுக்குள் இருக்கும் கவ்வியும் சூட்டில் இறுக்கம் இழந்திருக்கும், புது பிளக்கும் சில வாரங்களில் கருகும். மெயினை அணைத்துவிட்டு இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கறுத்த வயர் முனையை, செம்பு பளபளவென்று தெரியும்வரை வெட்டி எறிந்துவிட்டு, திருகை அழுத்தமாக முடுக்குங்கள்.