இடுப்பு முறிந்த பாட்டி எப்போது எழுந்து நிற்பார்?

நேயர்களுக்கு வணக்கம்.

விடிகாலையில் பாத்ரூமுக்குப் போன பாட்டி வழுக்கி விழுந்துவிட்டார். தூக்கிவந்து கட்டிலில் கிடத்துகிறார்கள். ஒரு கால் சற்றுக் குட்டையாகத் தெரிகிறது. பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அந்தப் பாதத்தைப் பார்த்தாலே எங்களுக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். மீதியை எக்ஸ்ரே சொல்லும்.

அப்புறம் வீட்டார் கேட்பார்கள்: "எண்பத்திரண்டு வயசு டாக்டர், ஆபரேஷன் தாங்குவாங்களா? கட்டுப் போட்டு அப்படியே விட்டுடலாமே?" பாசத்தில் வருகிற கேள்விதான். ஆனால் இந்த இடத்தைக் கட்டு பிடித்து நிறுத்தாது. அந்தக் காலத்தில் காலில் எடையைத் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். எலும்பு கூடுவதற்குள் முதுகில் புண், நெஞ்சில் சளி, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த கட்டி என்று ஒவ்வொன்றாக வந்துவிடும். முறிவைவிடப் படுக்கைதான் பலரைக் கொண்டுபோனது. வயதாகிவிட்டது என்பதாலேயே சீக்கிரம் ஆபரேஷன் செய்யச் சொல்கிறேன்.

சரி, எங்கே முறிந்திருக்கிறது? இடுப்புக்குக் கீழே பக்கவாட்டில் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். கெட்டியாக ஒரு மேடு தட்டுப்படும். ஒருக்களித்துப் படுத்தால் தரையில் இடிக்குமே, அதுதான். அங்கிருந்து உள்பக்கமாகத் தொடை எலும்பின் கழுத்து போகிறது. கழுத்தின் முனையில் பந்து. மேட்டை ஒட்டி முறிவதற்கும், ஓர் அங்குலம் தள்ளிக் கழுத்தில் முறிவதற்கும் வைத்தியமே வேறு.

காரணம் ரத்த ஓட்டம். பந்துக்குப் போகும் ரத்தக்குழாய்களில் முக்கியமானவை கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவையும் அறுந்துபோகலாம். ரத்தம் கிடைக்காத பந்து மெல்ல மெல்ல நொறுங்கும். இளவயதுக்காரர் என்றால் சொந்தப் பந்தைக் காப்பாற்றப் பாடுபடுவோம். முறிவை நேராக்கி, பெரும்பாலும் மூன்று ஸ்குரூ போடுவோம். பாட்டிக்கு அப்படிப் போட்டுவிட்டுக் காத்திருப்பது சரிவராது. பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தால் உடனே காலூன்றலாம்.

மேட்டுப் பகுதிக்கு ரத்தம் தாராளம். முறிவைச் சரியாகப் பிடித்துக் கொடுத்தால் தானே கூடிவிடும். பிடிப்பதற்கு டிஹெச்எஸ் என்கிற பிளேட்டும் ஸ்குரூவும் உண்டு. எலும்பின் குழலுக்குள் இறக்கும் ராடும் உண்டு. பல துண்டாக முறிந்திருந்தால் நான் ராடைத்தான் எடுப்பேன். தொடை எலும்புக்குள் உலோக ராடு இறக்குவதை ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1939இல் செய்துகாட்டினார். இன்றைய ராடுகள் அந்த வழியில் வந்தவைதான்.

பிளேட், ராடு இரண்டிலுமே பந்துக்குள் போகும் ஸ்குரூ இறுகி நிற்பதில்லை, தன் குழலுக்குள் கொஞ்சம் சறுக்கும். பாட்டி காலூன்றும்போது உடம்பின் எடை முறிந்த இரு பக்கங்களையும் ஒன்றோடொன்று நெருக்குகிறது. நடப்பதே எலும்பு கூட உதவுகிறது.

ஆனால் அந்த ஸ்குரூ சரியான இடத்தில் உட்கார வேண்டும். ஸ்குரூ போகவேண்டிய வழியில் முதலில் மெல்லிய கம்பியை ஏற்றி, சி-ஆர்ம் என்கிற எக்ஸ்ரே கருவியின் திரையில் முன்பக்கமிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் பார்ப்போம். இரண்டிலும் ஸ்குரூ முனைக்கும் பந்தின் உச்சிக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவில் பாம்கார்ட்னர் குழுவினர் 1995இல் 198 முறிவுகளை வைத்து இதைக் காட்டினார்கள். 16 பேருக்கு ஸ்குரூ பந்தை அறுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. 25க்குள் நின்ற 120 ஸ்குரூக்களில் ஒன்றுகூட அப்படி வரவில்லை. கம்பி கொஞ்சம் மேலே போய்விட்டால் எவ்வளவு நேரமானாலும் உருவி மறுபடி ஏற்றுவேன். தியேட்டரில் அந்தப் பத்து நிமிஷம் யாரும் பேசுவதில்லை.

முழங்கால் சில்லு குறுக்கே இரண்டாக உடைந்தாலும், அசைவை வைத்தே முறிவை நெருக்குகிற அதே யோசனைதான். இரண்டு கம்பிகளை நெடுக்காகச் செலுத்தி, இன்னொரு கம்பியை முன்பக்கம் 8 போலச் சுற்றி முறுக்குவோம். முழங்காலை மடக்கும்போது சில்லு முன்பக்கம் பிளக்கப் பார்க்கும். அந்த 8 விடாது, இழுவிசை மூட்டுப் பக்கம் அழுத்தமாக மாறிவிடும். பைக்கிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே மூட்டின் மேடை அமுங்கிப்போனால் வேலை கூடுதல். அமுங்கியதைத் தூக்கி, அடியில் எலும்புத் துண்டுகளால் நிரப்பி, பிளேட்டால் முட்டுக்கொடுக்க வேண்டும். அவர்கள் சில வாரங்கள் காலூன்றக் கூடாது.

பாட்டிக்கு அந்தத் தடை பெரும்பாலும் இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு, சேர்ந்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன், அதற்கு மறுநாளே எழுப்பி நடக்கவைப்பது என்று வழிகாட்டுகிறது. சர்க்கரையோ உப்போ ஏறி இறங்கியிருந்தால் அதைச் சரிசெய்யச் சில மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். சொந்தக்காரர் ஊரிலிருந்து வரட்டும் என்று மூன்று நாள் காத்திருக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரானால் அந்த அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள்.

ஒரு பக்கம் முறிந்தவருக்கு மறுபக்கமும் முறியும் ஆபத்து அதிகம். அதனால் எலும்பு வலுவிழப்புக்கான மருந்தைப் பற்றி டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். பாட்டி வாக்கரைப் பிடித்து வார்டில் நடை பழகுகிற அந்த நாலைந்து நாளுக்குள், வீட்டில் ஒருவர் பாத்ரூம் சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்றைப் பொருத்திவிடட்டும். ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கும் வேண்டும்.