‘செரீன்’ என்ற சொல்லும் தேற்றாங்கொட்டையும்

(கொழும்பு, வெள்ளவத்தையில் நடைபெற்ற மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரிய நண்பர்களே, பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் பெற்றோரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி எழுதிய வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். ஆசிரியர் அதட்டியதும் வகுப்பு ‘செரீன்’ (serene) ஆயிற்று என்ற பொருளில் அவள் எழுதியிருந்தாள். எழுத்துக்கூட்டிலோ இலக்கணத்திலோ பிழை இல்லை. ஆனாலும் நான் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். அவள் என் மேசைக்கு வந்து, நான் தட்டச்சிட்டுக் கொடுத்திருந்த சொற்பட்டியலைக் காட்டி, “சேர், செரீன் என்றால் அமைதியான என்றுதானே நீங்கள் போட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டாள். அதட்டலுக்குப் பிறகு வகுப்பு அமைதியாகத்தான் இருந்திருக்கும். அவள் என் குறிப்பை நம்பி எழுதினாள். பிழை என் குறிப்பில் இருந்தது. அன்று அவளுக்கு முழுமையான விடை சொல்ல என்னால் இயலவில்லை. அந்த விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஆங்கிலத்தில் ஓசையின்மைக்கும் மன நிம்மதிக்கும் இடைப்பட்ட பரப்பில் பல சொற்கள் உண்டு. ‘குவயட்’ (quiet), ‘காம்’ (calm), ‘ட்ரான்குவில்’ (tranquil), ‘செரீன்’ என்ற நான்கும் அவற்றுள் முதன்மையானவை. நம்முடைய கையேடுகள் பெரும்பாலும் இந்த நான்குக்கும் ‘அமைதி’ என்ற ஒரே சொல்லைத் தந்துவிடுகின்றன. ஆனால் ஒவ்வொரு சொல்லும் வேறொரு வாசலால் உள்ளே வந்தது. ‘குவயட்’ என்பது ஓய்வைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. மழை ஓய்ந்தது, பேச்சு ஓய்ந்தது என்று நாம் சொல்வதற்கு அது மிக அருகில் நிற்கிறது. அதட்டலுக்குப் பின் வகுப்புக்குப் பொருந்தும் சொல்லும் அதுதான்.

‘காம்’ என்ற சொல்லின் கதை வியப்பானது. அதன் வேர் கிரேக்க மொழியில் வெப்பத்தைக் குறித்தது. உச்சி வெயிலில் வேலையை விட்டு நிழலில் ஒதுங்கும் நேரத்தைச் சுட்டிய அந்தச் சொல், படிப்படியாகக் காற்றும் கடலும் அடங்கிய நிலைக்குப் பெயராகி, பின்னர் மனத்துக்கும் வந்து சேர்ந்தது. சூடு தணிவதையும் துயர் தணிவதையும் ‘ஆறுதல்’ என்ற ஒரே சொல்லால் சொல்லும் நமக்கு இந்தப் பயணம் புதிதன்று. தேநீர் ஆறுகிறது, மனமும் ஆறுகிறது. “அவசரப்படாமல் ஆறுதலாக வாங்கோ” என்று நம்மவர் சொல்லும்போது அதே சொல் நிதானத்துக்கும் பெயராகிறது. ‘காம்’ ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகவும் வழங்கும். அழும் குழந்தையையும் சினந்த மனிதரையும் அதனால் தணிக்கலாம். ‘செரீன்’ என்பதை அவ்வாறு யாரும் ஏவுவதில்லை. ‘செரீனாக இரு’ என்ற கட்டளை ஆங்கிலக் காதுக்கு இயல்பாக ஒலிக்காது.

ஏன் என்று அறிய, அச்சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். இலத்தீனில் அது முதலில் வானத்தைப் பற்றிய சொல். மேகமற்ற, மழை விட்ட, நீலம் முழுதும் தெரிகின்ற வானம் எதுவோ அதற்கே அந்தப் பெயர். இத்தாலியர் இன்றும் தெளிந்த வானிலையைக் குறிக்க அதன் வழிவந்த சொல்லையே ஆள்கிறார்கள். ஒலி இருக்கிறதா இல்லையா என்பது அதன் முதற்பொருளில் இடம்பெறவே இல்லை. மறைப்பு இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி. வெனிஸ் குடியரசு தன்னை இந்தச் சொல்லின் உயர்வு வடிவத்தால் அழைத்துக்கொண்டது. மொனாக்கோ அரச குடும்பத்தின் பட்டப்பெயரில் இன்றைக்கும் அது நிற்கிறது.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று நிலவில் இருக்கிறது. நிலவின் கரிய சமவெளிகளைக் கடல்கள் என்று கருதிய காலத்தில், 1651ஆம் ஆண்டு, ரிச்சியோலி என்ற இத்தாலிய வானியலாளர் அவற்றுக்கு வானிலையை ஒட்டிப் பெயரிட்டார். மழைக்கடல், மேகக்கடல், புயல்களின் பெருங்கடல் என்ற அந்த வரிசையில்தான் ‘செரினிட்டி’யின் கடலும் வருகிறது. மழைக்கும் மேகத்துக்கும் எதிர்நிலை எதுவோ அதையே அவர் அங்கே குறித்தார். அதற்கு அடுத்திருப்பது ‘ட்ரான்குவிலிட்டி’யின் கடல். 1969 யூலை 20ஆம் திகதி அப்பலோ 11 இறங்கியது இந்த இரண்டாவது கடலில். 1972 டிசம்பரில் அப்பலோ 17 இறங்கியது முதற்கடலின் விளிம்பில். இரண்டையும் ‘அமைதிக்கடல்’ என்றே தமிழில் எழுதினால், வேறு வேறு கலங்கள் வேறு வேறு இடங்களில் இறங்கிய செய்தியை நம் பிள்ளைகள் எப்படிப் பிரித்தறிவார்கள்? பசுபிக் சமுத்திரத்தையும் அமைதிப் பெருங்கடல் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே சொல் மூன்று கடல்களின் பெயரைச் சுமக்கிறது.

ஆகவே ‘செரீன்’ என்பதற்கு நம் மொழியில் நெருங்கிய உறவு ‘தெளிவு’ என்பதே என் துணிபு. இதை நான் அகராதியில் கற்கவில்லை. என் அம்மம்மாவின் அடுக்களையில் கற்றேன். வன்னியில் மாரி காலத்தில் குளத்து நீர் செம்மண் கலந்து வரும். அம்மம்மா புதிய மண்பானையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்து, உட்சுவரின் சொரசொரப்பில் தேற்றா மரத்தின் விதையான தேற்றாங்கொட்டை ஒன்றை வட்டமாக உரைப்பார். பொத்தானளவு கொட்டை தேயத் தேய வெண்மையான பசை சுவரில் படியும். பின் நீரை ஊற்றி, மூடி, யாரும் பானையைத் தொடக்கூடாது என்பார். கொட்டையிலுள்ள பசைப்பொருள் நுண்ணிய மண் துகள்களைத் திரளச் செய்து அடியில் படிய வைக்கும் என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். சிறுவயதில் நான் கண்டது, விடியலில் மூடியைத் திறந்தபோது பானையின் அடி தெரிந்த காட்சியை மட்டுமே. அந்த நீர் ‘செரீன்’.

கலங்கிய நீரைத் தெளியச் செய்வதைத் தேற்றுதல் என்கிறோம். அழுகிறவரை ஆற்றுவதையும் தேற்றுதல் என்கிறோம். நோயாளி தேறுகிறார், மயக்கம் தெளிகிறது, மழை விட்டதும் வானமும் தெளிகிறது. கலித்தொகையின் 142ஆம் பாடலில், பிரிவுத் துயரால் நிலைகுலைந்து அழுதும் சிரித்தும் புலம்பிய ஒரு பெண், தலைவன் வந்து சேர்ந்ததும் மீண்டும் தன்னிலை பெறுகிறாள். ‘இல்லம்’ என்று அக்காலத்தில் வழங்கிய தேற்றா மரத்தின் விதையால் தேற்றப்பட்ட கலங்கல் நீர் போல் அவள் தெளிந்தாள் என்று புலவர் பாடுகிறார். இலத்தீன்காரர் வானத்தைப் பார்த்துக் கண்டடைந்த ஒப்புமையை நம் முன்னோர் பானையைப் பார்த்துக் கண்டிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே மெய் சிலிர்க்கிறது.

இதனால்தான் அந்தச் சொல் முகத்தோடு சேரும்போது மிக அழகாகப் பொருந்துகிறது. அநுராதபுரத்துச் சமாதி நிலைப் புத்தர் சிலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1931இல் இலங்கைக்கு வந்த ஜவாகர்லால் நேரு, அடுத்த ஆண்டு டேராடூன் சிறையில் இருந்தபோது, அநுராதபுரத்தில் தாம் கண்ட புத்தர் சிலையின் படமொன்றை மேசையில் வைத்திருந்ததாகவும், அந்த முகம் தமக்கு ஆறுதல் தந்ததாகவும் எழுதியிருக்கிறார். அத்தகைய முகத்தை விவரிக்க ‘குவயட்’ போதாது. அது வாய் பேசாததை மட்டும் சொல்லும். ‘ட்ரான்குவில்’ பெரும்பாலும் இடங்களோடு, ஏரியோடு, கிராமத்தோடு வரும். முகத்துக்கும் புன்னகைக்கும் நிறைந்த முதுமைக்கும் ‘செரீன்’ வரும்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் வளரும் பிள்ளைகள் ‘செரினிட்டி’யையும் ‘செரண்டிப்பிட்டி’யையும் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். பின்னது நம் தீவின் பழைய பெயரான செரண்டிப்பிலிருந்து ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1754இல் ஒரு கடிதத்தில் ஆக்கிய சொல். தேடாத நன்மை தற்செயலாகக் கிட்டுவதை அது குறிக்கும். ஒலியில் மட்டுமே அவை உறவினர். உச்சரிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு: ‘செரீன்’ என்பதில் நீளும் உயிர், ‘செரினிட்டி’யில் குறுகிவிடும்.

அந்த மாணவிக்கு மறுவாரம் பானையின் கதையைச் சொன்னேன். அவள் புதிதாக ஒரு வாக்கியம் எழுதி வந்தாள்: மூன்று நாள் மழைக்குப் பிறகு, வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்து மேடையிலிருந்து பார்த்தபோது, ரயில் இரைந்துகொண்டு போன பின்னணியிலும், கடலுக்கு மேலே வானம் ‘செரீன்’ ஆக இருந்தது என்று. அன்றே என் சொற்பட்டியலில் ‘அமைதியான’ என்பதை அடித்துவிட்டு ‘தெளிந்து அமைந்த’ என்று எழுதினேன். அருகில், வானத்துக்கும் நீருக்கும் முகத்துக்கும் வரும், அதட்டப்பட்ட வகுப்புக்கு வராது என்று பென்சிலால் சேர்த்துவைத்தேன்.