ஸ்ட்ரெய்ட்னரை எந்தப் பெட்டியில் வைப்பது?

[திரையில்: செக்-இன் கவுண்டர். எடை மேடையில் ஒரு பெரிய பெட்டி.]

விமான நிலையத்தில் பெட்டியை எடை மேடையில் ஏற்றியதும் கவுண்டரில் இருப்பவர் ஒரு கேள்வி கேட்பார். "பவர் பேங்க், பேட்டரி, லைட்டர் ஏதாவது உள்ளே இருக்கா?" நாமும் யோசிக்காமல் இல்லை என்று தலையாட்டிவிடுவோம். பவர் பேங்க் கைப்பையில்தானே இருக்கிறது! ஆனால் அந்தப் பெட்டிக்குள், மடித்து வைத்த புடவைகளுக்கு நடுவில், ஒரு கார்ட்லெஸ் ஸ்ட்ரெய்ட்னர் படுத்திருந்தால் நாம் சொன்ன பதில் தப்பு. அதற்குள் இருப்பதும் லித்தியம் பேட்டரிதான். கூடவே 200 டிகிரி வரை சூடாகக்கூடிய இரண்டு தகடுகள் வேறு.

வணக்கம். ஹேர் ட்ரையர், ஸ்ட்ரெய்ட்னர், கர்லர் இவற்றை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது, போய் இறங்கிய ஊரில் எப்படிப் புகைய விடாமல் பயன்படுத்துவது என்பதுதான் இன்றைய வீடியோ. இதில் குழப்பம் வருவதற்குக் காரணம், நாம் சாமானின் பெயரைப் பார்க்கிறோம். விமானத்தில் பார்ப்பது பெயரை இல்லை, அது எதனால் சூடாகிறது என்பதை. வயரா, பேட்டரியா, கேஸா? இதற்குப் பதில் தெரிந்தால் எந்தப் பெட்டி என்பதும் தெரிந்துவிடும்.

[திரையில்: வயரோடு ஒரு ஸ்ட்ரெய்ட்னர், ஒரு ஹேர் ட்ரையர்.]

வயர் உள்ளவை சுலபம். பிளக்கைச் சொருகினால்தான் அவற்றுக்கு உயிர். அதனால் கேபின் பையிலும் வைக்கலாம், செக்-இன் பெட்டியிலும் வைக்கலாம். என்னைக் கேட்டால் ஸ்ட்ரெய்ட்னர் கேபின் பையில், ட்ரையர் பெட்டியில். ஸ்ட்ரெய்ட்னரின் செராமிக் பூச்சு ஒரு தடவை பெயர்ந்தால் அப்புறம் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். பெட்டிகளைத் தூக்கிப் போடுகிற வேகத்துக்கு அது தாங்காது. ஒன்று, கேபின் பையில் வயரையும் சார்ஜரையும் இயர்போனையும் ஒரே பந்தாகச் சுருட்டி வைக்காதீர்கள். எக்ஸ்ரேயில் என்னவென்று புரியாத எதையும் திறந்துதான் பார்ப்பார்கள். செக்யூரிட்டியில் ஸ்ட்ரெய்ட்னரைத் தனியாக ட்ரேயில் எடுத்து வைத்துவிட்டால் உங்களுக்குப் பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடமாட்டார்.

[திரையில்: கார்ட்லெஸ் ஸ்ட்ரெய்ட்னர். பேட்டரி பகுதி சிவப்பில்.]

சரி, பேட்டரிக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

லித்தியம் பேட்டரி ஒன்று உள்ளுக்குள் பழுதாகிச் சூடேற ஆரம்பித்தால், அந்தச் சூடே அடுத்த சூட்டைக் கிளப்பும். ஒரு செல் எரிந்து பக்கத்துச் செல்லையும் பற்ற வைக்கும். விமானத்தின் அடியில் பெட்டிகள் இருக்கும் அறையில் தீயணைக்க ஹாலான் வாயு வைத்திருக்கிறார்கள். அது தீச்சுவாலையை அடக்கும். ஆனால் பேட்டரிக்குள் நடக்கும் அந்தச் சங்கிலியை அதனால் நிறுத்த முடியாது. பேட்டரியைக் குளிர்விக்க வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும். ஓடுகிற விமானத்தில் கீழே இறங்கிப் போய் யாரும் தண்ணீர் ஊற்ற முடியாதே! கேபினில் என்றால் புகை வந்தவுடன் கண்ணில் படும், பணிப்பெண்கள் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள்.

2025 ஜனவரி 28 இரவு, தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஹாங்காங் கிளம்ப நின்ற ஏர் புசான் விமானத்தில், தலைக்கு மேல் இருக்கும் சாமான் அறையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பித்தார்கள். பவர் பேங்க் ஒன்றின் உள் பழுது காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். விமானம் தரையில் நின்றதால் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு பல விமான நிறுவனங்கள் பேட்டரி விஷயத்தில் பிடியை இறுக்கிவிட்டன. அதனால் கேபினில் என்றாலும் பேட்டரி சாமானை மேலே பூட்டி வைப்பதைவிட முன் சீட்டுக்கு அடியில், கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பது நல்லது.

இனி விதி. அமெரிக்காவில் கார்ட்லெஸ் ஸ்ட்ரெய்ட்னரும் கர்லரும் கேபின் பையில் மட்டும்தான். சூடாகும் பகுதிக்கு மூடி போட்டிருக்க வேண்டும், தவறுதலாக ஆன் ஆகாதபடி பூட்டியிருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது. சில ஆசிய நிறுவனங்கள் இதைவிடக் கறார். பேட்டரியைக் கழற்ற முடியாத மாடலை அவை கேபினிலும் ஏற்பதில்லை, பெட்டியிலும் ஏற்பதில்லை. அவர்கள் கவலை நியாயம்தான்: பைக்குள் பட்டன் அழுந்தி ஆன் ஆகிவிட்டால் தகடு துணியோடு ஒட்டிக்கொண்டு சூடாகும். டைசன் கொராலே என்ற ஸ்ட்ரெய்ட்னர் 2020இல் வந்தபோது இதற்காகவே அதில் ஒரு சின்னச் சாவி வைத்தார்கள். அதை உருவிவிட்டால் பேட்டரியின் தொடர்பு அறுந்துவிடும்.

ஆகவே உங்களிடம் இருப்பது கார்ட்லெஸ் என்றால், டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். நடுவில் துபாயிலோ ஹாங்காங்கிலோ விமானம் மாறினால் அந்த நிறுவனத்தின் விதியையும் பாருங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி, கேபின் பையில் வையுங்கள். விமானத்தில் பேட்டரியின் கொள்ளளவுக்கு வைத்திருக்கும் 100 வாட்-ஹவர் என்ற வரம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 3.7 வோல்ட், 5000 மில்லி ஆம்பியர்-ஹவர் பேட்டரி வெறும் 18.5 வாட்-ஹவர்தான்.

பியூட்டேன் கேஸில் ஓடும் கர்லர் நம் ஊரில் அபூர்வம். ஒருவருக்கு ஒன்று, மூடியோடு என்ற கணக்கில் சர்வதேச விதி அனுமதிக்கிறது. மாற்று கேஸ் டப்பா எங்கேயும் கூடாது. அந்தக் கர்லரையே வீட்டில் விட்டுவிட்டுப் போவது நிம்மதி.

[திரையில்: ஸ்ட்ரெய்ட்னர் கைப்பிடியின் அடியில் இருக்கும் லேபிள், மிக நெருக்கத்தில்.]

செக்யூரிட்டி தாண்டியாச்சு. இப்போது இரண்டாவது ஆபத்து, அதாவது ஹோட்டல் ரூம் சுவர்.

உங்கள் கருவியைத் திருப்பிப் பாருங்கள். கைப்பிடியின் உள்பக்கமோ அடியிலோ பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். வயர் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் உலகம் முழுக்கச் செல்லும், பிளக்குக்கு அடாப்டர் போதும். 220-240 வோல்ட் என்று மட்டும் இருந்தால் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, துபாய், லண்டன் எல்லாம் சரி. அமெரிக்கா, கனடாவுக்கு ஆகாது, அங்கே 120 வோல்ட். ஜப்பானில் 100.

[திரையில்: கணக்கு ஒவ்வொரு வரியாக.]

ஆகாது என்றால் எவ்வளவு ஆகாது? சூடாக்கும் கம்பிச் சுருளுக்கு வோல்டேஜ் பாதியானால் சக்தி பாதியாகாது, கால் பங்காகிவிடும். நம் ஊர் 1200 வாட் ட்ரையரை அமெரிக்காவில் சொருகினால் கிட்டத்தட்ட 330 வாட். வெதுவெதுப்பாக ஊதும், தலை காய்வதற்குள் மீட்டிங் முடிந்துவிடும். அது வெறும் ஏமாற்றம்தான், ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் இருந்து வருகிற அக்கா ஆசையாக வாங்கி வரும் ட்ரையர் இருக்கிறதே, அங்கே பல ட்ரையர்களில் 1875 வாட், 125 வோல்ட் என்று போட்டிருக்கும். அதை நம் 230 வோல்ட்டில் ஆன் செய்தால் 6000 வாட்டைத் தாண்டி இழுக்கும். எம்சிபி, அதாவது மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச், விழுந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் கருகிய வாசனையோடு கதை முடியும்.

அடாப்டர் போட்டிருக்கிறேனே என்பார்கள். அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றும், வோல்டேஜை மாற்றாது. அதற்குக் கன்வெர்ட்டர் வேண்டும். ட்ரையருக்குத் தேவையான அளவில் கன்வெர்ட்டர் வாங்கிச் சுமப்பதற்கு, அங்கேயே ஒரு சாதா ட்ரையர் வாங்கிவிடலாம். டைசன் சூப்பர்சானிக், ஏர்ராப் போன்ற விலை உயர்ந்தவையும் அந்தந்த நாட்டு வோல்டேஜுக்குத்தான் செய்யப்படுகின்றன. பிற நாட்டில் கன்வெர்ட்டரோடு ஓட்ட நினைக்காதீர்கள், உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. விலையைப் பார்த்து எல்லா ஊரிலும் ஓடும் என்று நம்புகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

அடாப்டரிலும் ஒரு எண் உண்டு: 6 ஆம்பியர், 8 ஆம்பியர் என்று. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 1380 வாட். 1800 வாட் ட்ரையரை அதில் சொருகினால் ஃப்யூஸ் போய்விடும், நல்ல அடாப்டராக இருந்தால்! மலிவு அடாப்டரில் ஃப்யூஸே இருக்காது, பிளாஸ்டிக்தான் உருகும். ஸ்ட்ரெய்ட்னருக்கு இந்தக் கவலை இல்லை, பெரும்பாலும் 50 வாட் சுற்றியே வரும்.

துபாய், சிங்கப்பூர், லண்டனில் மூன்று செவ்வக ஓட்டைகள். நம் இரண்டு உருண்டைக் கம்பிப் பிளக் நேராக நுழையாது, உள்ளே ஒரு தடுப்பு இருக்கும். மேல் ஓட்டையில் பேனாவை விட்டு அந்தத் தடுப்பைத் திறந்து சொருகுகிற வித்தையை நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லித் தருகிறார்கள். செய்யாதீர்கள். பிளக் தளர்வாக நின்று பொறி கிளம்பும். லண்டன் குளியலறையில் 'ஷேவருக்கு மட்டும்' என்று எழுதிய சாக்கெட்டும் நமக்கில்லை. அது தருவது சில வாட்தான்.

[திரையில்: ட்ரையரின் கைப்பிடியில் நாணயத்தால் திருப்பும் சுவிட்ச்.]

பயணத்துக்கென்று விற்கும் மடக்கு ட்ரையர்களில் 125, 250 என்று எழுதிய ஒரு பள்ளம் இருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துத் திருப்ப வேண்டும், அது தானாக மாறாது. அமெரிக்கா போய் 125இல் வைத்துப் பயன்படுத்திவிட்டு, ஊருக்கு வந்து மாற்ற மறந்தால் மேலே பார்த்த அதே 6000 வாட் கதைதான். திரும்புகிற அன்று பெட்டியில் வைக்கும்போதே 250க்குத் திருப்பிவிடுங்கள்.

உண்மையில் ட்ரையர் தேவையா என்பதே கேள்வி. பெரும்பாலான ஹோட்டல்களில் ஒன்று மாட்டியிருக்கும், அல்லது ரிசப்ஷனில் கேட்டால் தருவார்கள். இடத்தை அடைப்பது ட்ரையர். ஸ்ட்ரெய்ட்னர் சாக்ஸ் அளவுதான். (சிங்கப்பூர் ஈரப்பதத்தில் காலையில் நேராக்கிய முடி மதியத்துக்குள் சுருளத் தொடங்கும், அதற்கு எந்தக் கருவியும் பொறுப்பல்ல.)

கொண்டுபோவதாக இருந்தால், ட்ரையர் முனையில் மாட்டும் டிஃப்யூசரின் குழிக்குள் சாக்ஸைத் திணித்து வையுங்கள், நசுங்காது. வயரை கைப்பிடியைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். வயர் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில்தான் அது முதலில் அறும். அகலமான வளையமாகச் சுருட்டி ரப்பர் பேண்டைத் தளர்வாக மாட்டினால் போதும்.

பக்கத்தில் போகும் மற்ற சாமான்கள். ஜெல், மூஸ், தேங்காய் எண்ணெய் எல்லாம் திரவக் கணக்குதான்: வெளிநாட்டு விமானத்தில் கேபின் பை என்றால் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள், எல்லாம் உள்ளே இருப்பது தெரியும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பைக்குள். பாதி காலியான 200 மில்லி பாட்டிலும் 200 மில்லிதான், வாதாடிப் பயனில்லை. ஹேர் ஸ்ப்ரே பெட்டியில் போகலாம். ஒரு டப்பா அரை லிட்டருக்குள், மூடி இருக்க வேண்டும். கத்தரிக்கோலும் பெட்டியில்தான். எண்ணெய்க்குத் தடையில்லை என்பதால் கொப்பரைத் தேங்காயையும் உள்ளே வைக்காதீர்கள். அது தானாகவே தீப்பற்றக்கூடிய பொருட்களின் பட்டியலில் இருக்கிறது.

[திரையில்: காலை நேர ஹோட்டல் அறை. திறந்த பெட்டி.]

கடைசியாக, கிளம்புகிற காலை. டாக்ஸி வந்துவிட்டது, பூ வைத்துவிட்டீர்கள், ஸ்ட்ரெய்ட்னர் இன்னும் சுடுகிறது. அதைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் போடத்தான் கை போகும். பிளக்கை உருவி அரை மணி நேரமாவது குளியலறைக் கல்மேடையில் ஆற வேண்டும். நேரம் இல்லை என்றால், சூடு தாங்கும் உறை விற்கிறார்கள், அதில் போட்டு கைப்பையில் வையுங்கள். இந்த அவசரமே வராமல் இருக்க, முடி வேலையை முதலில் முடித்துவிடுங்கள், புடவையை அப்புறம் கட்டுங்கள். அந்த நேரத்தில் அது ஆறிவிடும்.