ஹெட்செட்டைக் கழற்றியவன்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து பேசுகிறேன். வீட்டில் தங்கச்சிக்கு மீட்டிங்காம், துரத்திவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் நாலு பேர் உட்கார்ந்து ‘தி ஹர்ட் லாக்கர்’ பார்த்தோம். பழைய படம்தான். ஈராக்கில், 2004 பாக்தாத்தில், குண்டு எடுக்கப் போகிற மூன்று அமெரிக்கச் சிப்பாய்களின் கதை. 2010 மார்ச்சில் ஆறு ஆஸ்கார் வாங்கியது, கேத்ரின் பிகலோ சிறந்த இயக்குநர் விருது வாங்கிய முதல் பெண் ஆனார், அதுவும் தன் முன்னாள் கணவர் ஜேம்ஸ் கேமரூனின் ‘அவதார்’ போட்டியில் இருந்த வருடம். ஆனால் தியேட்டரில் அமெரிக்காவிலேயே 2 கோடி டாலரைத் தொடவில்லை. இதெல்லாம் நீங்கள் தேடினாலே கிடைக்கும். நான் பேச வந்தது படத்தைப் பற்றிக்கூட இல்லை, அதைப் பார்த்த நாலு பேரைப் பற்றி, முக்கியமாக எங்கள் மாடி வீட்டு மாமாவைப் பற்றி.

மாமாவுக்குச் சொந்த ஊர் வேலூர் பக்கம், கம்மவான்பேட்டைக்குக் கிட்டே. அந்த ஊர் தெரியும்தானே, வீட்டுக்கு ஒருத்தராவது ராணுவத்துக்குப் போகிற ஊர் என்று பேர் வாங்கினது. மாமாவும் பட்டாளத்துக்கு வந்து, ஹவில்தாராக ரிட்டயர் ஆகி, இங்கேயே தங்கிவிட்டார். இதோ ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது பாருங்கள் எம்.இ.ஜி. சென்டர், மெட்ராஸ் சாப்பர்ஸ், 1780-ல் ஆரம்பித்த ராணுவ இன்ஜினியர் படை, அதில்தான் இருந்தார். அந்தப் படைக்காரர்களை ராணுவத்தில் எல்லோருமே, இந்திக்காரர்கள்கூட, ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபது வயதை நெருங்கும் ஒருவரைப் பழைய சகாக்கள் போனில் தம்பி தம்பி என்று கூப்பிடுவதைக் கேட்க வேடிக்கையாக இருக்கும்.

இன்னொன்று. போர்ப் படங்களில் முள்வேலிக்கு அடியில் நீளக் குழாயைத் தள்ளி வெடிக்க வைத்து வழி பண்ணுவார்களே, அதற்குப் பேரே ‘பெங்களூர் டார்பிடோ’. 1912-ல் இதே ஊரில், இதே சாப்பர்ஸ் படையில் இருந்த மெக்ளின்டாக் என்கிற கேப்டன் செய்தது. 1944-ல் நார்மண்டி கடற்கரை வரைக்கும் போயிருக்கிறது நம்ம ஊர்ப் பேர். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

படம் வந்த காலத்திலேயே இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, போரை இவ்வளவு பக்கத்தில் காட்டின படமே இல்லை, நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தோம் என்றது. இன்னொரு கட்சியில் ஈராக் போய்வந்த சிப்பாய்களே பலர் இருந்தார்கள். யூனிஃபார்ம் தப்பு, அந்தப் புள்ளி புள்ளி டிசைன் 2004-ல் பரவலாக வரவேயில்லை. குண்டு எடுக்கிற டீம் ஒரே ஒரு வண்டியில் துணைக்கு யாரும் இல்லாமல் பாக்தாத்தைச் சுற்றாது. ராத்திரி ஒருத்தன் தனியாகக் கேம்ப்பை விட்டு வெளியே போய்வருவதெல்லாம் நடக்கிற கதையா? கதை எழுதின மார்க் போல் பத்திரிகைக்காரர், குண்டு எடுக்கிற டீமோடு ஈராக்கில் இருந்துவிட்டு வந்தவர், அப்படியிருந்தும் இவ்வளவு புகார்.

எங்கள் ஹாலிலும் அதே இரண்டு கட்சி. என் ஃபிரெண்டு ஒயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் வேலை, அவன் முழுக்கச் சீட்டு நுனியில். அம்மா முறுக்கை உடைத்துக்கொண்டே, “இவனுக்குப் பொண்டாட்டி குழந்தை இருக்கா இல்லையா, ஒரு போன்கூடப் பண்ண மாட்டேங்கறானே” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் மாமாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் யூனிஃபார்ம் தப்பு, வண்டி தப்பு என்று லிஸ்ட் போடுவார், அதை வைத்து ஒரு வீடியோ போடலாம் என்று என் கணக்கு.

அவர் அதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. ஆரம்பக் காட்சியில் ரோபோ இழுத்துப்போகிற வண்டியின் சக்கரம் கழன்றதும் சிரித்தார், “கரெக்டா அந்த நேரத்துலதான் புட்டுக்கும்” என்று. குண்டு எடுக்கப் போகிறவன் போடுகிற அந்தப் பெரிய பாதுகாப்பு சூட்டைப் பார்த்து அம்மா பயந்தார். 35 கிலோவுக்கு மேல் இருக்கும் அது, ஆனால் விரல் வேலை செய்ய வேண்டுமே, அதனால் கைக்கு மட்டும் ஒன்றும் கிடையாது, வெறும் கை. அதைப் போட்டுக்கொண்டு ஓடியும் முதல் ஆள் செத்துப்போகிறான். மண்ணுக்கு அடியில் இருந்து ஒரு வயரை இழுக்க, சுற்றிலும் குண்டுகள் முளைத்து வருமே, போஸ்டரில்கூட இருக்கும், அதற்கு நாங்கள் எல்லோரும் ‘அய்யோ’ என்றபோது மாமா, “இப்படி இழுத்தா எங்க சுபேதார் அங்கேயே அறைஞ்சிருப்பார்” என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் அந்தக் கார் காட்சி வந்தது. டிக்கி நிறையக் குண்டு. ஹீரோ ஜேம்ஸ் பார்க்கிறான், இது வெடித்தால் சூட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அதைக் கழற்றி வைக்கிறான். ஃபிரெண்டு விசில் அடித்தான். பின்னால் காவல் நிற்கிற சான்பார்ன் ரேடியோவில் கத்திக்கொண்டே இருக்கிறான், கிளம்பலாம் வா என்று. ஜேம்ஸுக்குத் தொல்லையாக இருக்கிறது, காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டையும் கழற்றித் தூக்கிப் போடுகிறான்.

மாமா ரிமோட்டை வாங்கி நிறுத்திவிட்டார்.

“சட்டையக் கழட்டினான், சரி, அது அவன் உசுரு. காதுல இருந்தத கழட்டினான் பாரு, அது அவன் உசுரு இல்லப்பா.”

எனக்கு முதலில் புரியவில்லை. அவர்தான் சொன்னார். 2001 டிசம்பரில் பாராளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லை முழுக்கக் கண்ணிவெடி புதைத்தார்களே, அதை அடுத்த வருடம் திரும்ப எடுக்கிற வேலைக்கு ராஜஸ்தானில் இருந்திருக்கிறார். மணல் ஒரு இடத்தில் நிற்காது, காற்றுக்கு நகரும், மேப்பில் குறித்த இடத்தில் கண்ணி இருக்காது. குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்வாக, முப்பது டிகிரி வாக்கில் மண்ணில் மெதுவாகச் செருகிப் பார்க்க வேண்டும், நேராகக் குத்தினால் கண்ணியின் தலையில் அழுத்திவிடும். இரண்டு இரண்டு பேராகத்தான் போவார்கள். முன்னால் போகிறவன் மண்ணைப் பார்ப்பான், பின்னால் நிற்கிறவன் முன்னால் போகிறவனைப் பார்ப்பான். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்வார்கள். “பின்னால இருக்கறவன் நில்லுன்னா நிக்கணும். ஏன்னு கேக்கறதெல்லாம் டீ குடிக்கும்போது.” அந்த வேலையில் ஏராளமான சிப்பாய்கள் செத்தும் இருக்கிறார்கள், கால் போயும் இருக்கிறது. அவர் கூட இருந்தவருக்கு என்ன ஆனது என்று ஃபிரெண்டு கேட்டுவிட்டான். மாமா படத்தைத் திரும்ப ஓடவிட்டார்.

அதற்கு மேல் எனக்குப் படமே வேறு மாதிரி தெரிந்தது. படத்துக்கு இந்த விஷயம் தெரிந்திருக்கிறது மக்களே. கார் வேலை முடிந்ததும் சான்பார்ன் நேராக வந்து ஜேம்ஸ் முகத்தில் ஒரு குத்து விடுகிறான். இன்னொரு இடத்தில் ஜேம்ஸ் கையுறையை எடுக்கப் போகும்போது, இவனை இப்படியே வெடிக்க விட்டுவிடலாமா, விபத்து என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பின்னால் இருக்கிற இரண்டு பேரும் பேசுகிறார்கள். கடைசியில் ராத்திரி ஜேம்ஸ் தேவையில்லாமல் துரத்திக்கொண்டு ஓடினதற்குக் காலில் குண்டடி வாங்குவது டீமின் மூன்றாவது ஆள், சின்னப் பையன் எல்ட்ரிட்ஜ், ஹெலிகாப்டரில் ஏற்றும்போது அவன் ஜேம்ஸைத் திட்டுகிறான் பாருங்கள், அதுதான் என்னைக் கேட்டால் படத்தின் உண்மையான கிளைமாக்ஸ். நாம்தான் ஜேம்ஸையே பார்த்துக்கொண்டு விசில் அடிக்கிறோம். கேமராவும் அவன் பின்னாலேயே போகிறது, அதனால் தப்பு நம்முடையது மட்டும் என்று சொல்ல மாட்டேன்.

செத்துப்போன ஒரு ஈராக்கிச் சிறுவனின் உடம்புக்குள் குண்டு வைத்திருக்கிற காட்சியில் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். போய்விட்டு அங்கிருந்தே, “நம்ம நிரஞ்சன் இப்படித்தானேடா” என்றார். பெங்களூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும், 2016 ஜனவரி, பதான்கோட் விமானப்படைத் தளம், தேசியப் பாதுகாப்புப் படையின் குண்டு பிரிவில் இருந்த லெப்டினன்ட் கர்னல் நிரஞ்சன், இறந்துகிடந்த பயங்கரவாதியின் உடலைச் சோதிக்கும்போது குண்டு வெடித்து இறந்தார். இந்த ஊரில் வளர்ந்தவர். அவர் உடல் இங்கே வந்த அன்றைக்கு அம்மா நாள் முழுக்க டிவி முன்னால் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் காட்சி ஓடி முடிகிற வரைக்கும் ஹாலில் யாரும் பேசவில்லை.

எல்லோரும் கொண்டாடுகிற சூப்பர்மார்க்கெட் காட்சி, ஊர் திரும்பின ஜேம்ஸ் கார்ன்ஃப்ளேக்ஸ் மாதிரி சீரியல் டப்பா வரிசை முன்னால் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பானே, அது மாமாவை ஒன்றும் பண்ணவில்லை. “எங்க கேன்டீன்ல ரெண்டு சோப்புதான், இந்தத் தொல்லையே இல்ல” என்றார். அதற்கு அடுத்து ஒரு சின்னக் காட்சி, யாரும் பேசவே மாட்டார்கள், ஜேம்ஸ் வீட்டுக் கூரையில் மழைத் தண்ணீர் போகிற வழியில் அடைத்திருக்கிற இலையைக் கையால் வாரி எடுப்பான். அங்கே மாமா கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வளவு வருடமாகச் சாயந்திரம் இந்த ஏரிக்கரையில் அவரோடு நடக்கிறேன். புல் இருக்கிற பக்கம் அவர் காலை வைத்து நான் பார்த்ததே இல்லை, கல் பாவின இடத்தில்தான் நடப்பார், அது முடிந்தால் திரும்பிவிடுவார். முட்டி வலி, புல்லில் ஈரம் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதோ வருகிறார், தொப்பி போட்டவர். கேமராவை இறக்கிவிடுகிறேன், அவருக்குப் பிடிக்காது.