சிரிக்க வைத்தவர்களைக் கொண்டே அழ வைப்பது: பிரிட்டிஷ் சோப் ஓபராக்களில் காமெடி

[திரை: செங்கல் வரிசை வீடுகள் உள்ள தெரு, மூலையில் ஒரு பப்]

1984 நவம்பர். பிரிட்டன் தொலைக்காட்சியில் ஒரு பெண்மணி தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து, பழுப்புத் தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தைப் பிரிக்கிறார். மருத்துவமனையில் இறந்துபோன கணவரின் சாமான்கள். பைஜாமாவை எடுத்து வைக்கிறார். அப்புறம் மூக்குக்கண்ணாடிக் கூடு கையில் வருகிறது. அதைத் திறந்து பார்த்ததும் அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை உடைகிறது.

கொரோனேஷன் ஸ்ட்ரீட் என்ற தொடரில் வரும் அந்தப் பாத்திரத்தின் பெயர் ஹில்டா ஆக்டன். நடித்தவர் ஜீன் அலெக்சாண்டர். இந்தக் காட்சியைப் பார்த்து அழுதவர்கள் எல்லோரும் அதற்கு முன் இருபது வருஷமாக ஹில்டாவைப் பார்த்துச் சிரித்தவர்கள். தலையில் சுருட்டை போடும் கர்லர், மேலே ஏப்ரன், கர்ணகடூரமான பாட்டு, ஊர் வம்பு. சோம்பேறிக் கணவர் ஸ்டேனை அவர் திட்டாத நாளே கிடையாது. தொடரின் காமெடி ஜோடியே அவர்கள்தான்.

இந்த வீடியோவில் பார்க்கப்போவது இதைத்தான். பிரிட்டிஷ் சோப் ஓபராக்கள், அதாவது வருஷக்கணக்கில் ஓடும் தொலைக்காட்சித் தொடர்கள், நகைச்சுவையையும் சோகத்தையும் எப்படிச் சேர்த்து வைக்கின்றன? எப்போது அது கைகூடுகிறது, எப்போது சறுக்குகிறது?

[திரை: கொரோனேஷன் ஸ்ட்ரீட், 1960]

முதலில் கொஞ்சம் பின்னணி. கொரோனேஷன் ஸ்ட்ரீட் 1960 டிசம்பர் 9 அன்று ஐடிவி என்ற தனியார் சேனலில் தொடங்கியது. இன்றும் ஓடுகிறது. அதை உருவாக்கிய டோனி வாரனுக்கு அப்போது வயது 24. கதை நடக்கும் வெதர்ஃபீல்டு ஒரு கற்பனை ஊர்; மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. வாரன் அதே பகுதியில் பிறந்து வளர்ந்தவர். அங்கே பெண்கள் எப்படிப் பேசுவார்கள், எப்படி ஒருவர் காலை ஒருவர் வாருவார்கள், துக்கம் விசாரிக்க வந்த இடத்தில்கூட எப்படி ஒரு குத்தல் பேச்சை விட்டுவிட்டுப் போவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அதனால் காமெடியை யாரும் பிற்பாடு கொண்டுவந்து சேர்க்கவில்லை. முதல் எபிசோடிலேயே வசனத்துக்குள் இருந்தது.

நடிகர்கள் வந்த வழியும் இதற்கு ஒரு காரணம். ஈனா ஷார்ப்பிள்ஸாக வந்து ஊரையே மிரட்டிய வயலெட் கார்சன், அதற்கு முன் வானொலியில் பியானோ வாசித்துப் பாடியவர். ஜாக் டக்வொர்த்தாக நடித்த பில் டார்மி, அவர் மனைவி வீராவாக நடித்த லிஸ் டான் இருவருமே வடக்கு இங்கிலாந்தின் கிளப்புகளில் பாடியவர்கள். குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கிற கூட்டத்தைத் தன் பக்கம் திருப்பப் பழகியவர்களுக்கு, ஒரு வரியை எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று தெரியும். அழுகைக் காட்சியிலும் கைகொடுப்பது அதே நிறுத்தம்தான்.

சரி, ஆக்டன் வீட்டுக்கே திரும்புவோம். இந்தக் கலவை எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

ஹில்டாவும் ஸ்டேனும் தொடருக்குள் வந்தது 1964இல். ஹில்டா தெரு மூலையில் இருக்கும் பப்பில் துப்புரவு வேலை செய்கிறவர். ஸ்டேன் ஜன்னல் துடைப்பவர், அதாவது துடைக்க வேண்டியவர். பெரும்பாலும் பீர் குடித்துக்கொண்டிருப்பார். வீட்டுச் சுவர் முழுக்க மலைக்காட்சி போட்ட வால்பேப்பர். அதன் மேல் பறக்கிற மாதிரி மூன்று பிளாஸ்டர் வாத்துகள். ஹில்டாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு.

ஆனால் அந்தச் சுவரில் வறுமை இருக்கிறது. வேறு எந்த மலையையும் பார்க்க வாய்ப்பில்லாத ஒருவர், தன் வீட்டு அறையில் ஒரு மலையை ஒட்டி வைத்திருக்கிறார். எழுத்தாளர்கள் இதை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சிரிக்க மட்டும் விட்டார்கள். இருபது வருஷம் கழித்து, அதே சுவருக்கு முன்னால் அவரைத் தனியாக உட்கார வைத்தபோது விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

ஸ்டேனாக நடித்த பெர்னார்ட் யூவன்ஸ் 1984 ஆகஸ்டில் காலமானார். தொடரில் ஸ்டேன் நவம்பரில் இறக்கிறார். அந்தக் காட்சியில் பேருரை கிடையாது. இறுதிச் சடங்கின்போதும் கலங்காமல் தாங்கிக்கொண்ட ஹில்டாவை ஒரு கண்ணாடிக் கூடுதான் உடைக்கிறது. 1985இல் ஜீன் அலெக்சாண்டருக்கு ராயல் டெலிவிஷன் சொசைட்டி விருது கிடைத்தது. 1987 கிறிஸ்துமஸ் அன்று ஹில்டா தெருவை விட்டுப் போன எபிசோடை 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். ஒரு துப்புரவுப் பெண்மணி வீடு மாறிப் போவதைப் பார்க்க இத்தனை பேர்!

[திரை: ஒரே எபிசோடில் ஓடும் மூன்று கதைகளைக் காட்டும் வரைபடம்]

இப்போது கட்டமைப்பு. ஒரு அரைமணி எபிசோடில் பொதுவாக இரண்டு மூன்று கதைகள் மாறி மாறி ஓடும். முதலாவது கனமானது: கொலை, நோய், விவாகரத்து. இரண்டாவது நடுத்தரம். மூன்றாவது பெரும்பாலும் காமெடி: காணாமல் போன புறா, பப்பில் வினாடி வினாப் போட்டி, பக்கத்து வீட்டுக்காரரோடு வேலித் தகராறு. எந்தக் கதை எந்த வாரம் எங்கே போக வேண்டும் என்பதைக் கதைக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். ஆனால் ஒவ்வொரு எபிசோடின் வசனத்தையும் தனித்தனி எழுத்தாளர் எழுதுவார். காமெடி பிழைப்பதும் சாவதும் அந்த இரண்டாவது கட்டத்தில்தான். பிற்பாடு தொலைக்காட்சி நாடகங்களிலும் நகைச்சுவையிலும் பெரும் பெயர் எடுத்த ஜாக் ரோசந்தால், கொரோனேஷன் ஸ்ட்ரீட்டுக்கு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் எழுதியவர்.

ஆனால் இந்த மூன்றடுக்கு முறையில் ஒரு ஆபத்து உண்டு. அழுகைக் காட்சி முடிந்த மறு வினாடி கோமாளிக் காட்சிக்குத் தாவினால், இரண்டுமே கெட்டுப்போகும். பார்க்கிறவருக்கு எரிச்சல்தான் வரும். என் பார்வையில், கனமான கதைக்குப் பக்கத்தில் காமெடியை வைப்பதைவிட, கனமான கதைக்குள்ளேயே வைப்பதுதான் இந்தத் தொடர்களின் உண்மையான சாதனை.

அதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பிளாஞ்ச் ஹன்ட். நடித்தவர் மேகி ஜோன்ஸ். கொரோனேஷன் ஸ்ட்ரீட்டில் டியர்ட்ரியின் அம்மா, டியர்ட்ரியின் கணவர் கென் பார்லோவின் மாமியார். மனதில் பட்டதை வடிகட்டாமல் சொல்கிறவர். கென்னின் மகன் பீட்டர் குடிக்கு அடிமை. அது வருஷக்கணக்கில் ஓடிய, சிரிப்புக்கே இடமில்லாத கதை. ஒரு கட்டத்தில் குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டத்துக்கு, பீட்டருக்கு ஆதரவாகக் குடும்பமே போகிறது. பிளாஞ்சும் கூட உட்காருகிறார். ஒவ்வொருவரும் நெஞ்சைத் திறந்து பேச, பிளாஞ்ச் ஒவ்வொருவருக்கும் தீர்ப்பு சொல்லிக்கொண்டே போகிறார். பார்த்தால் வயிறு வலிக்கும். ஆனால் அங்கே யாரும் பீட்டரின் நோயைக் கேலி செய்யவில்லை. நாலு பேர் முன்னால் வந்து உட்காருவது அவருக்கு எவ்வளவு கஷ்டம், வீட்டில் ஒருவர் குடித்தால் மற்ற எல்லோருக்கும் எவ்வளவு வெட்கம், எவ்வளவு கோபம் என்பதெல்லாம் அந்தச் சிரிப்பு வழியாகத்தான் வருகிறது. உருக்கமாக மட்டும் எழுதியிருந்தால் அது விழிப்புணர்வு விளம்பரமாகப் போயிருக்கும்.

ஜாக், வீரா கதையும் இதே வகைதான். புறா வளர்க்கிற கணவர், வீட்டு முகப்பில் மட்டும் போலிக் கல் ஒட்டி அந்தஸ்து காட்டிய மனைவி. ஜாக் அவரை 'சதுப்புநில வாத்து' என்று செல்லமாகக் கூப்பிடுவார். 2008 ஜனவரியில் ஜாக் பப்பிலிருந்து திரும்பி வரும்போது வீரா நாற்காலியிலேயே உயிர் பிரிந்து கிடக்கிறார். 2010இல் ஜாக்கின் முறை. இறந்துபோன வீரா ஆவியாக வந்து அழைக்க, இருவரும் வரவேற்பறையில் மெல்ல நடனம் ஆடுகிறார்கள். ஆயுசு முழுக்கச் சண்டை போட்ட ஜோடி என்பதால்தான் அந்த நடனத்துக்கு அவ்வளவு கனம்.

[திரை: ஆல்பர்ட் ஸ்கொயர், ஈஸ்ட்எண்டர்ஸின் கதைக்களம்]

அப்படியே லண்டனுக்கு வருவோம். பிபிசியின் ஈஸ்ட்எண்டர்ஸ் 1985 பிப்ரவரி 19 அன்று தொடங்கியது. இருட்டான தொடர், எப்போதும் யாராவது கத்திக்கொண்டிருப்பார்கள் என்று ஒரு பெயர் உண்டு. அதில் பாதிதான் உண்மை. டாட் காட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் பிரவுன் நடித்த பாத்திரம். சலவைக் கடையில் வேலை, வாயில் சிகரெட், எதற்கெடுத்தாலும் பைபிள் வசனம், நாளுக்கொரு நோய். மகன் நிக், பெற்ற தாய்க்கே விஷம் வைக்கப் பார்த்தவன். அப்படியும் அவன் திருந்திவிடுவான் என்று நம்புகிறவர். அந்த நம்பிக்கை சிரிப்பையும் கொண்டுவருகிறது, வயிற்றையும் கலக்குகிறது.

டாட்டின் தோழி எத்தல் ஸ்கின்னர். கையில் வில்லி என்று ஒரு பக் நாய். ஆங்கிலப் பேச்சுவழக்கில் வில்லி என்றால் ஆணுறுப்பு என்றும் பொருள்; அந்தப் பெயரை வைத்து எத்தலே அறியாமல் வரும் இரட்டை அர்த்தம் தொடரின் நிரந்தர ஜோக். அந்த எத்தல் 2000ஆம் ஆண்டில் புற்றுநோயோடு திரும்பி வந்து, தன் சாவுக்கு உதவச் சொல்லி டாட்டிடம் கேட்கிறார். மதத்தின்படி அது பாவம் என்று நம்புகிற டாட்டிடம். இந்தச் சிக்கலை வேறு யார் வைத்து எழுதினாலும் வாதப் பிரதிவாதமாக ஆகியிருக்கும். பதினைந்து வருஷம் நம்மைச் சிரிக்க வைத்த இரண்டு கிழவிகள் என்பதால், எந்தப் பக்கமும் சாய முடியாமல் பார்க்கிறவர் தவிக்கிறார். ஜூன் பிரவுன் 2008இல் அரைமணி நேர எபிசோடை ஒற்றை ஆளாக, ஒலிநாடாவில் கணவரிடம் பேசுவதுபோல, நடித்துக் காட்டினார். பிரிட்டனின் பெரிய திரை விருதான பாஃப்டாவுக்குப் பரிந்துரையும் கிடைத்தது.

சறுக்கல்களையும் பேச வேண்டும். கொரோனேஷன் ஸ்ட்ரீட்டின் தொடக்க காலத்தில் ஈனா, மின்னி, மார்த்தா என்ற மூன்று கிழவிகள் பப்பின் சிறிய அறையில் உட்கார்ந்து வம்பளப்பது பெரிய காமெடி. 1964 மே மாதம், பப்பில் கொண்டாட்டம் நடந்துகொண்டிருக்கும்போது மார்த்தாவை மாரடைப்பில் சாகடித்தார்கள். காட்சி அருமை. ஆனால் மூவரில் ஒருவர் போனதும் அந்த மேஜையே போய்விட்டது. ஈஸ்ட்எண்டர்ஸ் 2012இல் ஹெதர் ட்ராட்டைக் கொன்றதும் இதே கணக்கில்தான் வரும். ஜார்ஜ் மைக்கேல் மீதுள்ள பைத்தியத்தில் குழந்தைக்கே அந்தப் பெயரை வைத்த அப்பாவி ஹெதர். அப்பாவியைக் கொன்றால் அதிர்ச்சி நிச்சயம். ஆனால் அதிர்ச்சி சில மாதங்களில் தீர்ந்துவிடும்; சிரிக்க வைக்க ஒரு ஆளை வளர்க்கப் பல வருஷம் பிடிக்கும். இது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கொல்லாமலேயே ஆழத்துக்குப் போகலாம் என்று எமர்டேல் காட்டியது. யார்க்‌ஷயர் கிராமத்துத் தொடர், 1972 முதல் ஓடுகிறது. அதில் மார்லன் டிங்கிள் ஒரு பதற்றப் பேர்வழி, சமையல்காரர். மார்க் சார்னாக் அவரை வேக வேகமான, தடுமாறும் பேச்சாலேயே காமெடியாக்கியவர். 2022இல் மார்லனுக்குப் பக்கவாதம் வருகிறது. பறிபோவது எது? பேச்சு. எதை வைத்து நம்மைச் சிரிக்க வைத்தாரோ அதுவே போய், ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வருவதை வாரக்கணக்கில் காட்டினார்கள். மீண்டு வரும்போது காமெடியும் மெல்ல மெல்ல வந்தது. அந்த ஆண்டு தேசியத் தொலைக்காட்சி விருது சார்னாக்குக்குப் போனது சரியான தீர்ப்பு.

[திரை: வாரத்துக்கு எத்தனை எபிசோடு, காலவரிசை]

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். கொரோனேஷன் ஸ்ட்ரீட் 1989 வரை வாரத்துக்கு இரண்டு எபிசோடுதான். அப்புறம் மூன்று, நான்கு என்று ஏறி, 2017இல் ஆறானது. எபிசோடு கூடினால் கதை கூட வேண்டும். அவசரத்தில் எழுத எளிதானது விபத்தும் கொலையும். இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டு எதையோ பேசி நம்மைச் சிரிக்க வைக்கும் காட்சிக்கு எழுத்தாளருக்கும் நேரம் வேண்டும், நடிகர்களுக்கு ஒத்திகையும் வேண்டும். நேரம் குறைந்தபோது முதலில் மெலிந்தது அந்தக் காட்சிகள்தான் என்று நினைக்கிறேன். 2026 ஜனவரியிலிருந்து வார நாள் ஒவ்வொன்றிலும் அரைமணி எபிசோடு என்று ஐடிவி மாற்றியிருக்கிறது. இனி அந்தத் தொடரைப் பார்ப்பவர்கள், விபத்து வாரங்களை விட்டுவிட்டு ஒன்றுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை எபிசோடைப் பாருங்கள். அந்த பப்பில் இரண்டு பேர் சும்மா பேசுவதற்கு எத்தனை நிமிஷம் கொடுக்கிறார்கள் என்று கவனியுங்கள்.