டச்சுப் பெண்கள் ஏன் ஆங்கிலத்தில் பாடினார்கள்?

சரி, அடுத்த கேள்வி. அப்படியே வாசிக்கிறேன். "சார், லவ் என்ற நெதர்லாந்து பெண்கள் குழுவின் 'யூ ஆர் தி கிரேட்டஸ்ட் லவ்வர்' பாட்டைக் கேட்டேன். மூன்று பேரும் டச்சுப் பெண்கள். தாய்மொழியை விட்டுவிட்டு ஏன் ஆங்கிலத்தில் பாடினார்கள்? இது ஸ்வீடனின் அபா குழுவைப் பார்த்து அடித்த காப்பிதானா?"

எனக்கு ரொம்பவும் பிடித்த இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். பாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிவந்தது 1978-ல். ஜோஸே ஹூபே, மார்கா ஸ்கைடே, பேட்டி ப்ரார்ட், இந்த மூன்று பேர்தான் லவ். பெயரை எல், யூ, வி என்று எழுதி, கடைசியில் மேலே ஒரு குறியும் போடுவார்கள். இந்தப் பாட்டு நெதர்லாந்தில் முதலிடம் பிடித்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்திலும் பெரிய ஹிட். அதே வருடக் கடைசியில் 'ட்ரோஜன் ஹார்ஸ்' வந்தது, அதுவும் நெதர்லாந்தில் முதலிடம்.

இப்போது ஜெயித்த ஊர்களின் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். நெதர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் நாடு ஒன்றாவது இருக்கிறதா? இங்கிலாந்து கடலுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம். அங்கே இவர்களுக்குப் பெரிய வரவேற்பே இல்லை. ஆங்கிலப் பாட்டுதான், ஆனால் எழுதியவர்களுக்கும் அது தாய்மொழி கிடையாது, பாடியவர்களுக்கும் கிடையாது, வாங்கிக் கேட்டவர்களுக்கும் கிடையாது. டச்சுக்காரர் எழுதி, டச்சுப் பெண்கள் பாடி, ஜெர்மன்காரர் ஆடிய ஆங்கிலம். அதனால்தான் சொற்கள் அவ்வளவு எளிமை. லவ்வர், காஸநோவா, ட்ரோஜன் ஹார்ஸ் என்று தலைப்புகளைப் பாருங்கள். பள்ளிக்கூட ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கும் முதல் தடவையிலேயே பிடிபடும்.

இதை யோசித்துச் செய்தவர் ஹான்ஸ் வான் ஹெமெர்ட் என்ற தயாரிப்பாளர். கூடவே பீட் சூவர் என்ற இசைக்காரர். பாடல்களை இருவரும் சேர்ந்தே எழுதினார்கள், ஆனால் ரெக்கார்டில் எழுதியவர்கள் என்ற இடத்தில் அவர்கள் பெயரைத் தேடினால் கிடைக்காது. பாட்டின் தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் 'யான்ஸ்கென் அண்ட் யான்ஸ்கென்ஸ்' என்று இருக்கும். புனைபெயர். டின்டின் காமிக்ஸில் ஒரே சாயலில் மீசையோடு இரண்டு துப்பறிவாளர்கள் வருவார்களே, டச்சு மொழியில் அவர்களுக்கு யான்சன், யான்சன் என்றே பெயர், எழுத்தில் மட்டும் ஒரு சின்ன வித்தியாசம். டச்சுக்காரர் ஒருவருக்கு இந்தப் பெயரைப் பார்த்ததும் அவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

ஏன் ஆங்கிலம் என்ற கேள்விக்கு இந்த ஹெமெர்ட் குடும்பத்தைப் பார்த்தாலே போதும். அப்பா வில்லி வான் ஹெமெர்ட், பாடலாசிரியர். 1957-ல் ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் நெதர்லாந்துக்குக் கோரி ப்ரோக்கன் பாடி முதல் பரிசு வாங்கினார். வரிகள் வில்லியுடையவை. 1959-ல் டெடி ஸ்கோல்டன் பாடி மறுபடியும் முதல் பரிசு, அதற்கும் வரிகள் வில்லிதான். இரண்டுமே சுத்தமான டச்சுப் பாட்டுகள். அன்றைக்கு அந்தப் போட்டியில் அவரவர் தத்தம் மொழியில் பாடுவதுதான் வழக்கம். 1966-ல் அதை விதியாகவே எழுதிவைத்தார்கள். 1973-ல் விதியைத் தளர்த்தினார்கள்.

அடுத்த வருடம், 1974, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம், அதே யூரோவிஷன் போட்டி. மகன் ஹான்ஸ் தயாரித்து வளர்த்த மவுத் அண்ட் மெக்னீல் ஜோடி நெதர்லாந்துக்காக மேடை ஏறியது. உள்நாட்டுத் தேர்வில் 'இக் ஸீ என் ஸ்டெர்' என்று டச்சில் பாடிய அதே பாட்டை, பிரைட்டனில் 'ஐ ஸீ எ ஸ்டார்' என்று ஆங்கிலத்தில் பாடினார்கள். இரண்டு தலைப்பையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஸ்டெர், ஸ்டார். மெட்டில் ஒரு அசையைக்கூட நகர்த்த வேண்டியதில்லை, இரண்டு மொழிகளும் அவ்வளவு நெருங்கிய உறவு. மூன்றாம் இடம் கிடைத்தது. அன்று முதலிடம் யாருக்கு? அபாவுக்கு. ஸ்வீடன்காரர்கள், அவர்களும் ஆங்கிலத்தில்தான் பாடினார்கள். ஆக, அபா ஐரோப்பாவைப் பிடித்த அந்த ராத்திரியில் ஹான்ஸின் பாட்டும் அதே மேடையில் இருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே இந்த மவுத் அண்ட் மெக்னீல் 'ஹவ் டூ யூ டூ' பாட்டோடு அமெரிக்காவில் முதல் பத்துக்குள் போய்விட்டார்கள். அதனால்தான் காப்பி என்ற சொல்லை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அபாவின் வெற்றி இவர்களுக்குத் தைரியம் தந்திருக்கும், அது உண்மை. வழி தெரிந்தது அதனால் அல்ல. அமைப்பும் வேறு. அபாவில் பாட்டு எழுதும் இரண்டு ஆண்கள் மேடையிலேயே நிற்பார்கள். லவ்வில் முன்னால் மூன்று பெண்கள் மட்டும்தான், எழுதியவர்கள் அந்தப் பொடி எழுத்துக்குள்ளேயே இருந்துவிட்டார்கள்.

ஹான்ஸ் மட்டுமா என்றால், இல்லை. 1970-ல் ஷாக்கிங் ப்ளூ என்ற டச்சுக் குழுவின் 'வீனஸ்' அமெரிக்காவிலேயே முதலிடம் போனது. எழுதியவர் ராபி வான் லேயுவன். தேவதை என்பதற்கான 'காடஸ்' என்ற சொல்லைத் தாளில் ஒரு எழுத்து மாற்றிக் 'காட்னஸ்' என்று எழுதிவிட்டார், பாடகி மாரிஸ்கா வெரஸும் தாளில் இருந்தபடியே பாடிவிட்டார் என்று சொல்வார்கள். முதல் வரியைக் கவனமாகக் கேளுங்கள். ஆங்கிலம் தெரிந்த கோடிக்கணக்கான பேர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கற்ற மொழியில் துணிந்து பாடுகிற அந்த மனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சந்தைக் கணக்கும் உண்டு. 1978-ல் நெதர்லாந்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 1.4 கோடி. பக்கத்து வீடான மேற்கு ஜெர்மனியில் 6 கோடிக்கு மேல். டச்சில் பாடினால் உள்ளூரோடும் பெல்ஜியத்தின் வடபகுதியோடும் விற்பனை நின்றுவிடும். இன்னொன்றும் இருக்கிறது. நெதர்லாந்து தொலைக்காட்சியில் ஆங்கிலப் படத்துக்கு டப்பிங் செய்ய மாட்டார்கள், கீழே எழுத்துதான் ஓடும். அதனால் சின்ன வயதிலிருந்தே காதில் ஆங்கிலம். கடலில் கப்பலை நிறுத்தி ஒலிபரப்பிய ரேடியோ வெரோனிகா வேறு 1960-லிருந்து 1974 வரை பாப் பாட்டாகப் போட்டுத் தள்ளியது. அந்நாட்டின் புகழ்பெற்ற டாப் 40 பட்டியலே 1965-ல் அங்கே பிறந்ததுதான்.

இந்தக் குழுவின் விளையாட்டு ஆங்கிலத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 'கிரேட்டஸ்ட் லவ்வர்' வருவதற்குச் சில மாதம் முன்னால் வந்த பாட்டு. 'வால்டோலாலா' என்று மக்கள் அழைத்த ஒரு டிவி நிகழ்ச்சியால் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. தலைப்பை யூ, ஓ என்று இரண்டு தனி எழுத்துகளாகப் போட்டு, பக்கத்தில் மீ என்று எழுதியிருப்பார்கள். சேர்த்துப் படித்தால் யூ ஓ மீ. நீ எனக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்று அர்த்தம். ஏ பி சி டி தெரிந்த குழந்தைக்கும் இந்தச் சிலேடை பிடிபடும். எனக்கு இந்தக் குழுவை முதலில் பிடித்துப்போனது இந்தத் தலைப்பால்தான்.

பிறகு என்ன ஆனது என்றும் சிலர் கேட்பீர்கள். 1980-ல் பேட்டி ப்ரார்ட் விலகினார், ரியா தீல்ஷ் வந்தார், 1981-ல் குழுவே கலைந்தது. ஜோஸே மட்டும் தனியாகப் பாடிய 'ஐ வில் ஃபாலோ ஹிம்' 1982-ல் மறுபடி முதலிடம். அந்த மெட்டு பிறந்தது பிரான்ஸில். 1963-ல் ஒரு அமெரிக்கச் சிறுமி ஆங்கிலத்தில் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார். அது ஐரோப்பாவுக்குத் திரும்பி வந்தபோதும் பிரெஞ்சிலோ டச்சிலோ வரவில்லை, ஆங்கிலத்திலேயே வந்தது.

கேள்வி கேட்டவருக்கு ஒரு வேண்டுகோள். 1957-ல் கோரி ப்ரோக்கன் பாடிய 'நெட் ஆல்ஸ் டூன்' பாட்டை இன்று இரவு தேடிக் கேளுங்கள். முடிந்ததும் உடனே 'கிரேட்டஸ்ட் லவ்வர்' போடுங்கள். முதலாவது அப்பா எழுதியது, இரண்டாவது மகன் எழுதியது, நடுவில் 21 வருடம். கேட்டுவிட்டு எது பிடித்தது என்று எழுதுங்கள், அடுத்த வாரம் வாசிக்கிறேன்.