பாலை நிறுத்தினாதான் சாப்பிடுமா?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். குழந்தைகள் நல மருத்துவரா இருக்கிற என்கிட்ட அம்மாக்கள் அதிகமா கேக்குற கேள்வி இதுதான். ஒரு வயசு ஆயிடுச்சு டாக்டர், ஸ்பூனைப் பாத்தாலே வாயை இறுக்கி மூடிக்கிறான், எந்நேரமும் பால் பால்னு என்மேலயே தொங்குறான், பாலை நிறுத்தினாதான் சாப்பிடுவான்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க, நிறுத்திடவா? இப்ப ரேடியோ கேட்டுட்டே குழந்தைக்கு ஊட்டிட்டு இருக்கிற யாரோ ஒருத்தருக்கும் மனசுல இதே கேள்வி இருக்கும், அதனால பதிலை முதல்லயே சொல்லிடுறேன். சாப்பிட வைக்கிறதுக்காக பாலை வெடுக்குனு நிறுத்த வேண்டாம். பால் கொடுக்குற நேரத்தை மாத்துங்க, அது போதும்.

ஏன்னு சொல்றேன். ஒரு வயசுக்கு மேல தாய்ப்பால்ல சத்தே இல்ல, வெறும் தண்ணின்னு ஒரு பேச்சு இருக்கு பாருங்க, அது சுத்தத் தப்பு. ரெண்டாவது வயசுலகூட குழந்தைக்கு வேணுங்கிற சக்தியில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு தாய்ப்பால்லயே கிடைக்கும். 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், அப்புறம் சாப்பாட்டோட சேர்த்து 2 வயசு வரைக்கும், விருப்பம் இருந்தா அதுக்கு மேலயும் கொடுக்கலாம்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஆனா இரும்புச்சத்து மட்டும் பால்ல ரொம்பக் கம்மி. பிறக்கும்போது குழந்தை உடம்புல சேர்த்து வச்சிருக்கிறது 6 மாசம் வாக்குல தீர்ந்துபோக ஆரம்பிச்சிடும், அதுக்கப்புறம் முட்டை, மீன், கறி, பருப்பு, கீரைன்னு சாப்பாட்டுலருந்துதான் வரணும். அதனால பாலும் வேணும் சாப்பாடும் வேணும்.

இன்னொரு விஷயம், இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. முதல் வருஷத்துல குழந்தையோட எடை ஏறக்குறைய மூணு மடங்கு ஆகும், 3 கிலோவுல பிறந்தது 9 கிலோகிட்ட வந்து நிக்கும். ரெண்டாவது வருஷம் முழுசுக்கும் சேர்த்து ஏறுறது ரெண்டு ரெண்டரை கிலோதான். வளர்ச்சி வேகம் குறையுது, பசியும் குறையுது, இது இயற்கை. சரியா அந்த நேரம் பாத்துதான் நாம கிண்ணத்தைத் தூக்கிட்டு பின்னாடியே ஓடுறோம்.

இந்த இடத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு ஆராய்ச்சியைப் பத்தி சொல்லியே ஆகணும், கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன். அமெரிக்காவுல கிளாரா டேவிஸ்னு ஒரு குழந்தை டாக்டர், 1920கள்ல ஆரம்பிச்சு, அப்பதான் பால் மறந்த 15 குழந்தைகளை வச்சுப் பாத்தாங்க. எல்லாம் 6 மாசத்துலருந்து 11 மாசத்துக்குள்ள இருந்த குழந்தைங்க, அதுவரைக்கும் பாலைத் தவிர வேற ருசியே தெரியாது. மொத்தம் 34 வகை சாப்பாடு, பழம், காய், தானியம், முட்டை, கறி, மீன், பால் எல்லாம் உண்டு, ஒவ்வொரு வேளையும் அதுல பல வகையைத் தனித்தனி கிண்ணத்துல வச்சு தட்டைக் குழந்தை முன்னாடி வைப்பாங்க. நர்ஸ் பக்கத்துல ஸ்பூனோட உக்காந்திருப்பாங்க ஆனா வாயே திறக்கக் கூடாது, இதைச் சாப்பிடு கண்ணான்னு சொல்லக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது, குழந்தை எதுக்குக் கை நீட்டுதோ அதை எடுத்துக் கொடுக்கணும், அவ்வளவுதான். அதுங்க சாப்பிட்ட லட்சணத்தைக் கேட்டா ஆச்சரியமா இருக்கும், ஒரு வேளை ஆரஞ்சு ஜூஸும் ஈரலும், இன்னொரு வேளை முட்டையும் வாழைப்பழமும் பாலும், ஒரே சாப்பாட்டை கொஞ்ச நாள் விழுந்து விழுந்து சாப்பிட்டுட்டு அப்புறம் வேற ஒண்ணுக்குத் தாவிடும். ஒரு குழந்தைக்கு ரிக்கெட்ஸ், அதாவது எலும்பு வளைஞ்சுபோற நோய் இருந்துச்சு, அதோட தட்டுல மட்டும் மீன் எண்ணெய் வச்சாங்க, யாரும் கட்டாயப்படுத்தாம அந்தக் குழந்தை அதைத் தானா எடுத்துக் குடிச்சுது, நோய் சரியாச்சு. 1939ல முடிவுகளை வெளியிட்டப்ப குழந்தைங்க எல்லாம் நல்லா வளர்ந்து ஆரோக்கியமா இருந்துச்சுங்க. இன்னிக்கு இப்படி ஒரு ஆராய்ச்சி செய்ய யாரும் அனுமதிக்க மாட்டாங்க, அது வேற விஷயம்.

ஆனா இதைக் கேட்டுட்டு, ஓஹோ குழந்தை கேக்குறதையெல்லாம் கொடுத்துடலாம்போலன்னு நினைச்சுடாதீங்க. அந்த 34ல சர்க்கரை கிடையாது, மிட்டாய் கிடையாது, பாக்கெட்ல வர்றது எதுவும் கிடையாது. சூட்சுமமே அந்த லிஸ்ட்லதான் இருக்குன்னு டேவிஸே எழுதியிருக்காங்க. தட்டுல என்ன வைக்கிறது, எப்ப வைக்கிறது, இது பெரியவங்க வேலை. அதுல எதைத் தொடுறது, எவ்வளவு சாப்பிடுறதுங்கிறது குழந்தை பாடு. எவ்வளவுங்கிறது குழந்தை பாடு, இதை மட்டும் மறக்காதீங்க. தலையைத் திருப்பிக்கிச்சா, முடிஞ்சது, தட்டை எடுத்துடுங்க. போனைக் காட்டி, அது அசந்த நேரம் பாத்து வாய்ல திணிச்சா வயிறு நிறைஞ்சுதா இல்லையான்னு அதுக்கே தெரியாமப் போயிடும்.

அப்ப நேரத்தை மாத்துறதுன்னா என்ன? தூங்கி எழுந்து கொஞ்சம் பசியோட இருக்கும்போது முதல்ல சாப்பாடு, பால் அதுக்கப்புறம். சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பால் வேண்டாம், தாகத்துக்குத் தண்ணி கொடுங்க. ஒரு நாளைக்கு மூணு நாலு வேளை, நடுவுல ஒண்ணு ரெண்டு தடவை பழம் மாதிரி ஏதாவது. வீட்ல எல்லாரும் சாப்பிடும்போது கூடவே உக்கார வைங்க, கையால எடுத்து அது தானே சாப்பிடட்டும், பாதி தரையிலதான் போகும், போகட்டும். புதுசா ஒண்ணைத் துப்பிடுச்சுன்னா பிடிக்கலன்னு முடிவு கட்டிடாதீங்க, பத்துப் பன்னிரண்டு தடவை பாத்து பழகின பிறகுதான் சில குழந்தைங்க வாய்ல வைக்கும். எல்லாத்தையும் மிக்ஸியில அடிச்சுக் கொடுக்குற காலம் தாண்டிடுச்சு, மென்னு பழகணும். ஆனா முழு கொட்டை, முழு திராட்சை, உருண்டையா வழுக்குற எதுவும் வேண்டாம், தொண்டையில அடைச்சுக்கும், திராட்சையை நீளவாக்குல நாலா வெட்டிக் கொடுங்க.

தாய்ப்பாலைக் குறைச்சுட்டு அந்த இடத்துல பாட்டில் பாட்டிலா மாட்டுப்பால் கொடுக்குறவங்களும் இருக்காங்க. பசி அங்கயும் அடங்கிடும், சாப்பாடு பழையபடி வேண்டாம்தான், ரத்தசோகையும் வரும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல போகக் கூடாது, அதையும் கப்புல கொடுங்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க, நேரம் ஆயிடுச்சாம். தாய்ப்பாலை மறக்கடிக்கிறதைப் பத்தி விவரமா பேசணும்னு வந்தேன், சுருக்கமா சொல்லிடுறேன். வேலை, உடம்பு, களைப்பு, எந்தக் காரணமா இருந்தாலும் நிறுத்தணும்னு அம்மா நினைச்சா நிறுத்தலாம், அதுல குற்ற உணர்ச்சியே வேண்டாம். ஆனா ஒரே நாள்ல நிறுத்தாதீங்க, பால் கட்டிக்கிட்டு வலி, காய்ச்சல்னு கொண்டுபோய் விட்டுடும். குழந்தைக்கு அவ்வளவா பிடிக்காத வேளை எதுவோ, பெரும்பாலும் பகல்ல ஒண்ணு இருக்கும், அதை முதல்ல விடுங்க, ஒரு வாரம் போகட்டும், அப்புறம் அடுத்தது. நீங்களா கொடுக்காதீங்க, அது கேட்டா மறுக்காதீங்க, இதுவே நிறையக் குழந்தைங்களுக்குப் போதும். கசப்பைத் தடவி பயமுறுத்துறது வேண்டவே வேண்டாம். காய்ச்சல், வயித்துப்போக்கு இருக்கும்போது ஆரம்பிக்காதீங்க. ராத்திரிப் பாலைக் கடைசியா வச்சுக்கோங்க, அந்த நேரம் அப்பாவோ வேற யாராவதோ தூக்கித் தட்டிக் கொடுத்துத் தூங்க வைக்கட்டும், முதல் சில நாள் அழும், மடியில வச்சுக்கிட்டு அழ விடுங்க, தனியா விட்டுடாதீங்க. மார்ல கட்டி தென்பட்டு, சிவந்து, காய்ச்சலும் இருந்தா அன்னிக்கே டாக்டரைப் பாருங்க. குழந்தைக்கு எடை ஏறாம நின்னுபோச்சுன்னாலும் அப்படித்தான், காத்திருக்க வேண்டாம். வணக்கம்.